ஏழாவது கேமரா

பயப்படாதீர்கள் ஐயா, பாம்பு இல்லை. கயிறுதான். அறுபது அடிக் கயிறு. பையை எவ்வளவு அழுத்தி மூடினாலும் நுனி மட்டும் வெளியே வந்து எட்டிப் பார்க்கிறது. ஒரு உதவி செய்யுங்கள், இந்த நுனியைக் கொஞ்சம் கையில் பிடித்துக்கொள்ளுங்கள். கீழே கிடந்தால் கண்டக்டர் மிதித்துத் தடுமாறுவார், அப்புறம் காங்கயம் போகும் வரைக்கும் எனக்குத்தான் திட்டு விழும். ஆமாம், அப்படித்தான். நன்றி.

என் போனில் மணி எத்தனை என்று பார்த்துச் சொல்லுங்களேன். இப்போது வருகிற போன்களில் எழுத்தெல்லாம் மங்கலாகவே வருகிறது. ஒன்பது ஐந்தா? நல்லது. அவசரம் ஒன்றும் இல்லை. பத்து மணிக்குள் போனால் போதும். ஒரு கேமராவை மாற்ற வேண்டும், அவ்வளவுதான் வேலை.

என் பெயர் சென்னியப்பன். கிணற்றில் மூழ்குகிறவன். ஆமாம், அதுதான் தொழில். கிணற்றுக்குள் மோட்டார் விழுந்துவிட்டால், குழாய் கழன்றுவிட்டால், புட்வால் அடைத்துக்கொண்டால் என்னைக் கூப்பிடுவார்கள். புட்வால் என்பது குழாயின் அடியில் இருக்கிற சின்னக் கதவு. தண்ணீரை மேலே போக விடும், திரும்பி இறங்க விடாது. அந்தக் கதவில் ஒரு குச்சி சிக்கினால் போதும், மேலே மோட்டார் வெறுமனே கத்திக்கொண்டிருக்கும். நான் மூச்சைப் பிடித்து இறங்கி, கையால் தடவிப் பார்த்து, என்ன கோளாறு என்று வந்து சொல்வேன். ஒரு நிமிடம் நாற்பது விநாடி இருப்பேன். தாராபுரத்துக்கும் காங்கயத்துக்கும் நடுவே என்னைப் போல இருக்கிற ஆள் வேறு யாரும் இல்லை. பெருமைக்குச் சொல்லவில்லை. எண்ணிப் பார்த்தவர்கள் சொன்னது.

இந்தத் தொழிலில் ஒரே ஒரு தொல்லை. நான் கீழே பார்த்ததை மேலே இருக்கிறவர் பார்க்கவில்லை. "புட்வால் துருப்புடிச்சு உடைஞ்சு போச்சுங்க" என்று சொன்னால் நம்ப மாட்டார்கள். பெரியதோட்டத்துப் பொன்னுசாமி அண்ணன் என்ன சொன்னார் தெரியுமா? "நீ எறங்கறதுக்கு முந்தி அது நல்லாத்தான் இருந்துது சென்னி" என்றார். கிணற்றுக்கு அடியில் முப்பத்தைந்து அடித் தண்ணீருக்குக் கீழே இருக்கிறது, அது நன்றாக இருந்ததை இவர் எங்கே பார்த்தார்? அன்றைக்கே முடிவு செய்தேன். கேமரா வாங்க வேண்டும். தண்ணீருக்குள் படம் எடுக்கிற, கைக்குள் அடங்குகிற சின்னக் கேமரா. எடுத்து, கொண்டு வந்து, மூஞ்சிக்கு முன்னால் காட்ட வேண்டும்.

அங்கே தொடங்கியது வினை.

காங்கயம் பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு ஸ்டூடியோ இருக்கிறது. மரகதம் என்று ஒரு அம்மா நடத்துகிறார். முப்பத்தெட்டு வயது இருக்கும். அப்பா வைத்திருந்த ஸ்டூடியோ, அவர் போன பிறகு இந்தம்மாதான் பார்த்துக்கொள்கிறார். வீட்டில் அவரும் அவருடைய தாயாரும் மட்டும்தான். படம் எடுப்பதோடு கேமராவும் விற்கிறார். நல்ல கெட்டிக்காரி, அதில் சந்தேகம் இல்லை. ஆனால் ஐயா, வியாபாரம் மட்டும் அவருக்கு வரவே வராது. கேளுங்கள்.

முதல் செவ்வாய்க்கிழமை போனேன். "தண்ணிக்குள்ள படம் எடுக்கற கேமரா வேணுமுங்க" என்றேன்.

"எவ்வளவு ஆழமுங்ணா?"

"முப்பத்தஞ்சு அடி."

நீலமாக ஒன்றை எடுத்து வைத்தார். நான் கையில் வாங்கி, "சரி, இதையே கட்டுங்க" என்றேன். வேறு எந்தக் கடைக்காரராக இருந்தாலும் கட்டிக் கொடுத்திருப்பார். இந்தம்மா பெட்டியில் எழுதியிருந்ததைப் படித்துப் பார்த்தார். "இது பத்து மீட்டர் வரைக்கும்தானுங்ணா. பத்து மீட்டர்னா முப்பத்தி ரெண்டே முக்கால் அடி. உங்க கெணறு முப்பத்தஞ்சு. கடைசி ரெண்டேகால் அடியில தண்ணி உள்ள போயிரும். வேண்டாமுங்க" என்று என் கையிலிருந்தே பிடுங்கிவிட்டார். "கோயமுத்தூருக்குச் சொல்லி வேற வரவழைக்கறேன். அடுத்த செவ்வாக்கெழம வாங்க."

சரி, நல்ல மனசு என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த செவ்வாய் இரண்டாவது கேமரா. ஐம்பது அடி வரைக்கும் தாங்கும். நானே பெட்டியைப் பிரித்துவிட்டேன். "நீங்க உள்ள எறங்கறப்போ கையில என்ன போடுவீங்க?" என்று கேட்டார். துருப்பிடித்த இரும்பில் கை வைக்கிற வேலை, தடித்த ரப்பர் கையுறை போடுவேன் என்றேன். "அதைக் கொண்டு வந்திருக்கீங்களா?" கொண்டு போகவில்லை. உள்ளே போய் ஒரு துணியைக் கொண்டு வந்து, கிழித்துக் கிழித்து என் விரல் ஒவ்வொன்றிலும் சுற்றினார். பத்து விரலுக்கும். நிதானமாக. "இப்போ அமுக்குங்க" என்றார். பொத்தான் எள்ளளவு இருந்தது. ஒன்றை அமுக்கினால் மூன்று அமுங்கியது. "பாத்தீங்களா? வேண்டாம். அடுத்த செவ்வாக்கெழம வாங்க."

வலது கைக்கு மட்டும் சுற்றியிருந்தால் போதாதா? பொத்தானை ஒரு விரலில்தானே அமுக்குகிறோம்? அதைத்தான் சொல்கிறேன், வியாபாரம் தெரியாது. நேரத்தை வீணாக்குவார்.

மூன்றாவது செவ்வாய் நான் போனபோது கடைக்கு நடுவில் ஒரு பெரிய பிளாஸ்டிக் டிரம் இருந்தது. நிறையத் தண்ணீர். குடம் குடமாக அவரே கொண்டு வந்து ஊற்றியிருக்கிறார், சேலை முந்தானை எல்லாம் நனைந்து கிடந்தது. "வெறும் பேச்சுல என்ன தெரியும்? இதுல முக்கிப் பாருங்க" என்றார். பாஸ்போர்ட் படம் எடுக்க ஒரு புருஷனும் பெண்டாட்டியும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். நான் சட்டைக் கையை மடித்துக்கொண்டு, தலையையும் கேமராவையும் டிரம்முக்குள் விட்டேன்.

அது விரல் தொட்டால் வேலை செய்கிற திரை வைத்த கேமரா. தண்ணீர் பட்டதும் அதற்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. தண்ணீரையே விரல் என்று நினைத்துக்கொண்டது போல. அதுவே படம் எடுக்கிறது, அதுவே அழிக்கிறது, அதுவே பாட்டுப் பாடுகிறது. டிரம்மின் அடியை நாற்பது படம் எடுத்தது ஐயா. நான் உள்ளே தலையை வைத்துக்கொண்டு அதை நிறுத்தப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எனக்கென்ன, ஒரு நிமிடம் நாற்பது விநாடி இருக்கிறது. ஆனால் மேலே மரகதத்துக்கு அது தெரியாதே. ஒரு நிமிடம் ஆனதும் சட்டைக் காலரைப் பிடித்து வெளியே இழுத்தார் பாருங்கள், டிரம் சாய்ந்து, கடை முழுக்கத் தண்ணீர். பாஸ்போர்ட்டுக்கு வந்த அம்மா காலை நாற்காலி மேல் தூக்கி வைத்துக்கொண்டு சிரிக்கிறார். மரகதத்துக்கு முகமெல்லாம் வெளுத்துப் போயிருந்தது. "சொல்லிட்டுச் செய்ய மாட்டீங்களா? எனக்கு உசுரே போயிருச்சு" என்றார். கேமராவுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயம், பாவம். விலை உயர்ந்த சரக்கு.

இன்னொன்று கவனித்தேன். கவனிப்பது என் தொழில். இந்தம்மா கடைக்கு வருகிற எல்லா ஆம்பிளைகளையும் "அண்ணா" என்றுதான் கூப்பிடுவார். தபால்காரர் அண்ணா, டீக்கடைக்காரர் அண்ணா, எதிர்க்கடை இருபது வயதுப் பையன்கூட அண்ணா. என்னையும் முதலில் அண்ணா என்றார். அந்த மூன்றாவது செவ்வாயிலிருந்து எனக்கு மட்டும் அண்ணா நின்றுபோயிற்று. "ஏனுங்க" என்கிறார், அல்லது ஒன்றுமே சொல்லாமல் பேச ஆரம்பித்துவிடுகிறார். டிரம்மைக் கவிழ்த்ததில் மரியாதை குறைந்துவிட்டது போல. எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். காட்டிக்கொள்ளவில்லை.

நடுவே வீட்டில் என் தங்கச்சி ருக்குமணி வேறு. செவ்வாய்க்கிழமை காலையில் நான் சவரம் செய்தால் எட்டிப் பார்ப்பாள். "கேமரா வாங்கப் போறதுக்கு எதுக்குண்ணா பவுடரு?" என்பாள். காங்கயத்தில் தூசி அதிகம் என்றேன். "தூசிக்குப் பவுடரா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய் அவள் புருஷனிடம் ஏதோ சொல்ல, இரண்டு பேரும் கதவுக்குப் பின்னால் சிரிப்பார்கள். அவர்களுக்கு வேறு வேலை இல்லை.

நாலாவது கேமராவில் கிட்டத்தில் இருப்பது தெளிவாக விழாது. கலங்கல் தண்ணீரில் ஒரு சாண் தூரத்தில் போய்த்தான் எடுக்க வேண்டும், அதற்கு அது ஆகாது. மரகதம் என் உள்ளங்கையை டிரம்முக்குள் நீட்டச் சொல்லி, ஒரு சாணில் வைத்து எடுத்துப் பார்த்தார். ரேகை கலங்கலாக விழுந்தது. "உங்க கல்யாண ரேகையே தெரியல, வேண்டாம்" என்றார். ஐந்தாவதில் விளக்கு லென்ஸை ஒட்டினாற்போல இருந்தது. டிரம்மில் ஒரு கைப்பிடி மண்ணைப் போட்டுக் கலக்கி எடுத்தோம். மண் துகள் ஒவ்வொன்றிலும் வெளிச்சம் பட்டுத் தெறித்து, படம் முழுக்க ஊட்டியில் பனி கொட்டுகிற மாதிரி இருந்தது. விளக்கு பக்கவாட்டில் தள்ளி இருக்க வேண்டும். அதுவும் போயிற்று.

ஆறாவது கேமரா. ஐயா, அதில் குறையே இல்லை. ஆழம் சரி, பொத்தான் பெரிது, கிட்டத்தில் தெளிவு, விளக்கு தனியாக ஒரு கையோடு பக்கத்தில் நிற்கிறது. நான் அதை ஒரு மணி நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், அவரும் ஒரு மணி நேரம் பார்த்தார். ஒன்றும் அகப்படவில்லை. கடைசியில், "கறுப்பா இருக்குதுங்களே" என்றார்.

"கறுப்பா இருந்தா என்னங்க?"

"கெணத்துக்குள்ள கை நழுவிருச்சுன்னா? சேத்துல கறுப்பு எப்படித் தெரியும்? மஞ்சள்ள வருது. அடுத்த செவ்வாக்கெழம வாங்க."

அன்றைக்கு எனக்குக் கொஞ்சம் கோபம் வந்தது. ஆனாலும் சொல்கிறேன், திரும்பி வருகிறபோது பஸ்ஸில் எனக்கு ஒரே சிரிப்பு. எதற்கு என்று தெரியாது. ஜன்னல் ஓரம் உட்கார்ந்துகொண்டு தானாகச் சிரிக்கிறேன். பக்கத்தில் இருந்தவர் எழுந்து வேறு இடத்துக்குப் போய்விட்டார்.

டிரைவர் எதற்கு நிறுத்துகிறார்? டீக்கா? நிறுத்தட்டும், நிறுத்தட்டும். நமக்கு என்ன அவசரம். நீங்கள் இறங்கவில்லையா? கயிற்றுக்காக உட்கார்ந்திருக்கிறீர்களா, இறங்குவதானால் இறங்குங்கள் ஐயா. சரி, அப்படியானால் சொல்லி முடிக்கிறேன்.

கயிற்றைப் பற்றிச் சொல்ல மறந்துவிட்டேன் பாருங்கள். அதைச் சொன்னால்தான் என் தங்கச்சி புருஷன் செய்த அநியாயம் புரியும்.

நான் இறங்கும்போது இடுப்பில் கயிறு கட்டிக்கொள்வேன். மேலே ஒருவர் பிடித்திருப்பார். ஒரு இழுப்பு இழுத்தால் இன்னும் விடு என்று அர்த்தம். இரண்டு இழுத்தால் தூக்கு என்று அர்த்தம். கீழே இருக்கிறவன் உயிர் அந்தக் கையில் இருக்கிறது, அதனால் கயிற்றைக் கண்டவரிடமும் கொடுப்பதில்லை. எங்கள் குடும்பத்தில் மச்சான் முறை, மாப்பிள்ளை முறை ஆகிறவர்தான் பிடிக்க வேண்டும். எனக்கு என் தங்கச்சி புருஷன் தங்கராசு மாப்பிள்ளை பிடிக்கிறார். அது ஒன்று. இன்னொன்று, கயிற்றின் கடைசி நுனி. பிடிக்கிறவர் கை நழுவினாலும் நுனி ஓடிவிடக் கூடாது. கல்யாணம் ஆனவர்கள் மூழ்கினால், பெண்டாட்டி வந்து நின்று அந்த நுனியைத் தன் இடுப்பில் சுற்றிச் செருகிக்கொள்வாள். என் அப்பா மூழ்கும்போது என் தாய்மாமன் கயிற்றைப் பிடிப்பார், நுனி என் அம்மா இடுப்பில் இருக்கும். வேறு யாரும் அதைச் செருகக் கூடாது. எனக்கு அதற்கு ஆள் இல்லை. நாற்பத்து மூன்று வயது ஆயிற்று. கிணற்றுக்குள் போகிறவனுக்குப் பெண் கொடுக்க யோசிக்கிறார்கள், நானும் விட்டுவிட்டேன். நுனியைப் பக்கத்தில் இருக்கிற வேப்பமரத்தில் கட்டிவிடுவோம்.

இதையெல்லாம் ஒரு செவ்வாயில் மரகதத்திடம் சொல்லியிருக்கிறேன். ஐந்தாவது கேமரா அன்று என்று ஞாபகம். மண் தெளிவதற்காகக் காத்திருந்தோம். அவர்தான் ஒவ்வொன்றாகக் கேட்டார். யார் பிடிப்பார்கள், எப்படி இழுப்பார்கள், நுனியை யார் வைத்துக்கொள்வார்கள் என்று. எல்லாம் கேட்டுவிட்டு, "நீங்க ரெண்டு இழுப்பு இழுத்தா வேப்பமரம் வந்து தூக்குமா?" என்றார்.

"மரம் எப்படிங்க தூக்கும்? மாப்பிள்ளை தூக்குவாரு."

"அவருக்கு ஒரு நாளைக்கு வேற சோலி இருந்தா?"

நான் மண் தெளிந்துவிட்டதா என்று டிரம்முக்குள் எட்டிப் பார்த்தேன்.

ஏழாவது கேமரா வந்தது. மஞ்சள். எனக்கு உள்ளுக்குள் ஒரு மாதிரி இருந்தது, இனிமேல் சொல்வதற்குக் குறை என்ன இருக்கிறது என்று. வாங்கிவிட்டேன். வாங்கிய பிறகு பேசிக்கொண்டிருந்தபோது, தண்ணீருக்குள் ஆழத்தில் சிவப்பு நிறம் தெரியாது என்று நான் சொன்னேன். அவர் நம்பவில்லை. உண்மைதான் ஐயா. மேலே சிவப்பாக இருப்பது, பத்து அடியில் செங்கல் மாதிரி ஆகிவிடும், இருபதில் பழுப்பு, முப்பதுக்குக் கீழே கறுப்பு. வெளிச்சத்தில் இருக்கிற சிவப்பைத் தண்ணீர் முதலில் குடித்துவிடுகிறது. "அதெப்படிங்க நெறம் எங்க போகும்?" என்றார். தலையில் கட்டியிருந்த சிவப்பு ரிப்பனை அவிழ்த்துக் கையில் கொடுத்தார். "இதை எடுத்துக் காட்டுங்க. நானே வந்து பாக்கறேன்."

போன ஞாயிற்றுக்கிழமை வந்தார். மொபெட்டில், தனியாக, இருபத்தைந்து கிலோமீட்டர். பொன்னுசாமி அண்ணன் கிணற்றுக்கு. இந்த வருடம் மழை நன்றாகப் பெய்து தண்ணீர் மேலே வந்திருந்தது, படியில் இறங்கி நின்றால் காலில் படும். கிணற்றுக்குள் வெயில் நேராக விழுவது பதினொன்றரையிலிருந்து ஒரு மணி நேரம்தான். அந்த நேரத்துக்குச் சரியாக நான் கயிற்றைக் கட்டிக்கொண்டேன்.

இப்போதுதான் அந்த அநியாயம். மாப்பிள்ளை தங்கராசு கயிற்றை எடுத்தார். ஒரு தடவை கொட்டாவி விட்டார். "மச்சான், எனக்குத் தலைய வலிக்குது, ஒரு டீ குடிச்சுட்டு வந்தர்றேன்" என்றார். சொல்லிவிட்டு, கயிற்றை அப்படியே கொண்டுபோய் மரகதம் கையில் கொடுத்துவிட்டார். ஒரு கடைக்காரம்மா கையில். நான் பாதித் தண்ணீரில் நிற்கிறேன்.

"மாப்ள, அவங்க எப்படிப் பிடிப்பாங்க?"

"பிடிப்பாங்க மச்சான். கேட்டுப் பாருங்க."

"ஒண்ணு இழுத்தா விடணும், ரெண்டு இழுத்தா தூக்கணும். தெரியுமுங்க" என்றார் மரகதம். ஞாபக சக்தி நல்ல ஞாபக சக்தி.

"நுனியையாச்சும் மரத்துல கட்டிட்டுப் போ மாப்ள" என்று கத்தினேன். அவர் திரும்பிப் பார்க்காமல் கையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனார். கட்டியிருப்பார்.

சரி என்று இறங்கிவிட்டேன். ஐயா, பொய் சொல்ல மாட்டேன். இருபத்திரண்டு வருடமாக மூழ்குகிறேன், அன்றைக்குப் போல நான் மூழ்கியதே இல்லை. தண்ணீர் கண்ணாடி மாதிரி. வெயில் கம்பி கம்பியாக இறங்குகிறது. ஜிலேபி மீன்கள் வந்து விளக்கையே சுற்றுகின்றன. ரிப்பனைப் பத்து அடியில் எடுத்தேன், இருபதில் எடுத்தேன், அடியில் எடுத்தேன். விளக்கு இல்லாமல் ஒன்று, விளக்கு போட்டு ஒன்று. விளக்கு போட்ட உடனே சிவப்பு அப்படியே திரும்பி வந்துவிட்டது, அவர் தலையில் இருந்தபோது எப்படி இருந்ததோ அப்படி. சிவப்பு எங்கேயும் போகவில்லை, அங்கேதான் இருந்திருக்கிறது. எனக்குத் தண்ணீருக்குள்ளேயே சிரிப்பு வந்து, காற்று பாதி போய்விட்டது. அப்புறம் மேலே வந்து மூச்சு வாங்கி மறுபடியும் இறங்கினேன். ஏழு தடவை. நான் ஒரு இழுப்பு இழுத்தால் அளவாகக் கயிறு வருகிறது. இரண்டு இழுத்தால், மாப்பிள்ளையாவது ஒரு யோசனை யோசித்துத்தான் தூக்குவார், இது உடனே வருகிறது. கயிற்றில் ஒரு தொய்வு இல்லை.

கடைசித் தடவை தலையை வெளியே நீட்டியபோது, மூழ்குவதற்கு மாட்டுகிற முகக்கண்ணாடியில் ஆவி படிந்து ஒன்றும் தெரியவில்லை. கை மட்டும் தானாக ஒரு படம் எடுத்துவிட்டது. கண்ணாடியைக் கழற்றி முகத்தைத் துடைத்துப் பார்ப்பதற்குள் அந்தம்மா கயிற்றைச் சுருட்டி முடித்திருந்தார்.

"பயமா இருந்துச்சா?" என்றேன்.

"எனக்கா? உங்களுக்குத்தான் இருந்திருக்கணும்" என்றார்.

பொன்னுசாமி அண்ணனுக்குப் புட்வால் படத்தைக் காட்டினேன். உடைந்த கதவு அச்சாக விழுந்திருக்கிறது. அவர் வெகு நேரம் பார்த்துவிட்டு, "இது என்ற கெணறே இல்ல" என்றார். எதற்காகக் கேமரா வாங்கினேனோ அது அங்கேயே முடிந்தது. ஆனால் அதற்காக நான் வருத்தப்படவே இல்லை ஐயா, அதுதான் ஆச்சரியம். மரகதம் படியில் உட்கார்ந்துகொண்டு விழுந்து விழுந்து சிரித்தார், நானும் சிரித்தேன்.

குறை என்ன என்கிறீர்களா? வருகிறேன். மறுநாள் படங்களை நிதானமாகப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தால், திரை மங்கல். எல்லாம் பஞ்சு வைத்துத் துடைத்தது மாதிரி. அறுபத்தொரு படம், புட்வால் இரண்டே இரண்டு. மீன் ஒன்பது, ரிப்பன் ஒன்பது. மீதி நாற்பத்தொன்றில் கடைசி ஒன்றைத் தவிர எல்லாம் அடியிலிருந்து மேலே பார்த்து எடுத்தது. வட்டமாக வெளிச்சம், ஓரத்தில் ஒரு உருவம் குனிந்து நிற்கிறது. நான் புட்வாலுக்கு நேராகத்தான் பிடிக்கிறேன், கேமரா மேலே போய்விடுகிறது. அதுவும் ஒரு கோளாறுதானே?

நேற்று செவ்வாய்க்கிழமை. கேமராவை எடுத்துக்கொண்டு போய் நியாயம் கேட்டேன். மரகதம் திரையைப் பார்த்தார். "தெளிவாத்தானே இருக்குது" என்றார். நான் மங்கல் என்றேன். "நீங்க மொதல்ல கண்ணாடிக் கடைக்குப் போங்க" என்றார். எனக்கு எதற்குக் கண்ணாடி? ஊதியூர் மலை மேல் ஆடு மேய்ந்தால் இங்கிருந்தே எண்ணிச் சொல்வேன். "எல்லாப் படத்தையும் பாத்தீங்களா? கடைசிப் படத்தைப் பாத்தீங்களா?" என்று மூன்று தடவை கேட்டார். பார்த்தேன், மங்கல் என்றேன். மூன்று தடவையும்.

அவர் ஒரு லென்ஸை எடுத்துத் துடைத்தார். துடைத்ததையே துடைத்தார். அப்புறம், "நாளைக்குக் கடை தெறக்க மாட்டேன். கரூர்ல இருந்து என்னையப் பாக்க வர்றாங்க. பதினோரு மணிக்கு" என்றார்.

"அப்படிங்களா? நல்லதுங்க."

"நல்லதுங்களா?"

"நாளைக்கு நாள் நல்லா இருக்குதுங்க" என்றேன். இருந்தது, காலண்டரில் பார்த்திருந்தேன். ஆனால் சொன்ன பிறகு, கடை மூடிவிடுவார்களோ, கரூருக்குப் போய்விட்டால் இந்தக் கேமராவை யாரிடம் காட்டுவது என்று ஒரு கவலை. வாங்கின பொருளுக்கு ஒரு ஆதரவு வேண்டாமா? ராத்திரி சோறு இறங்கவில்லை.

அவர் எழுந்து நின்றார். என்னை நேராகப் பார்த்து, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். "வீடு கடைக்கு மேலதான். நாளைக்குக் காலையில பத்து மணிக்குள்ள கேமராவை எடுத்துட்டு வீட்டுக்கு வாங்க. அந்தக் கயித்தையும் கொண்டு வாங்க. எங்கம்மா பாக்கணுமாம். பத்து மணிக்கு மேல வந்தீங்கன்னா, என்னால எதையும் மாத்த முடியாது."

கேமராவை மாற்றித் தருவதற்கு அப்படி ஒரு கெடு. சரி, வியாபார விதி ஏதாவது இருக்கும். ஆனால் கயிறு எதற்கு? அவர்கள் வீட்டில் மாடு இல்லை. கிணறு இல்லை. துணி காயப்போட அறுபது அடிக் கயிறா? ருக்குமணியிடம் கேட்டேன். அவள் நெற்றியில் அடித்துக்கொண்டு, "போண்ணா. மொத பஸ்ஸுக்கே போ" என்றாள். எதற்கு என்று சொல்லவில்லை. மாப்பிள்ளை கயிற்றைத் துவைத்துக் காயவைத்துக் கொடுத்தார். இது வரைக்கும் கயிற்றைத் துவைத்த ஆளே இல்லை.

நீங்களும் சிரிக்கிறீர்கள்.

இதோ, கேமரா. நீங்களே பாருங்கள். கண்ணாடி போட்டிருக்கிறீர்கள், உங்களுக்கு எப்படித் தெரிகிறது? இந்தப் பொத்தானை அமுக்கினால் அடுத்தது வரும். அது மீன். அது ரிப்பன், கறுப்பாக இருக்கிறதா, அடுத்ததில் பாருங்கள், சிவப்பு. அது மேலே பார்த்தது. அதுவும் மேலே பார்த்தது. அதுவும்தான். கடைசி வந்துவிட்டதா? அதுதான் கை தானாக எடுத்தது. மங்கலாக இருக்கிறதா இல்லையா?

தெளிவாக இருக்கிறதா?

கயிற்றை மரத்தில் கட்டவில்லையா என்றா கேட்கிறீர்கள்? கட்டியிருக்கும் ஐயா. மேலே வேப்பமரம் இருக்கும் பாருங்கள். மரம் இருக்கிறது, கயிறு இல்லையா? பின்னே கயிறு எங்கே?

உங்கள் கண்ணாடியைக் கொஞ்சம் கொடுங்கள்.

அட, எழுத்தெல்லாம் எவ்வளவு பெரிதாக... சரி. இதுதான் படி. இது அவர் கால். கால் தண்ணீருக்குள் இருக்கிறது, வழுக்காமல் விரலை ஊன்றி நிற்கிறார். இரண்டு கையிலும் கயிறு. அங்கேயிருந்து கயிறு பின்னால் போகவில்லை. மேலேயும் போகவில்லை. இப்படி வருகிறது. இப்படிச் சுற்றி...

ஐயா.

இடுப்பில் இருக்கிறது.

நுனி அவர் இடுப்பில் இருக்கிறது. சுற்றிச் செருகியிருக்கிறார். ஒரு சுற்று இல்லை, இரண்டு சுற்று. என் அம்மா செருகுவது மாதிரியே. அவருக்குத் தெரியும் ஐயா. நான்தான் சொல்லியிருக்கிறேன், யார் செருகலாம், யார் செருகக் கூடாது என்று. டிரம்முக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நானே சொன்னேன். ஏழு தடவையும் நான் கீழே இருந்தபோது... மாப்பிள்ளைக்கும் தெரியும். ருக்குமணிக்கும் தெரியும். துவைத்துக் கொடுத்தார்களே.

எதிர்க்கடைப் பையன்கூட அண்ணா.

மணி என்ன? இருங்கள், நானே பார்க்கிறேன், கண்ணாடி இருக்கிறதே. ஒன்பது நாற்பத்திரண்டு. அதோ ஊதியூர் மலை. இன்னும் பதின்மூன்று கிலோமீட்டர். டீக்கு நிறுத்துகிற நேரமா இது, எந்த ஊரில் இப்படி டீ குடிப்பார்கள்? கண்டக்டர் அண்ணா, வண்டியை எடுத்துக் கொஞ்சம் வேகமாகப் போகச் சொல்லுங்கள், புண்ணியமாகப் போகும். ஒருவர் உயிர் போகிற அவசரம். என் உயிர்தான்.

நான் முன்னால் கதவுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொள்கிறேன். உட்கார முடியாது. இந்தாருங்கள் உங்கள் கண்ணாடி. இன்னும் ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டுத் தருகிறேனே. ம். போதும். இந்தாருங்கள்.

அப்புறம் ஐயா, அந்த நுனி. அதைக் கொடுத்துவிடுங்கள். இவ்வளவு தூரம் பிடித்துக்கொண்டு வந்தீர்கள், தப்பாக நினைத்துக்கொள்ளக் கூடாது. அதைப் பிடிக்க ஆள் இருக்கிறது.